ஆறாவது ஸ்டட்

தென்காசியில் ஞானதுரையைத் தெரியுமா என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் யோசிப்பார்கள். டாக்டரம்மா வீட்டுக்காரர் என்றால் உடனே கையை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவார்கள். இத்தனைக்கும் அவன் பன்னிரண்டு வருஷமாக அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். ரெபேக்காள் அவனைக் கட்டிக்கொண்டு வந்து, ஊருக்குள் நாலு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி தொடங்கி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது.

அதற்காக அவன் வருத்தப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் அவளைச் சுற்றிப் பெண்கள் கூடுவதை மரத்தடியில் நின்று பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வான். அவனுக்கு முள் தைத்தது கார் வந்த பிறகுதான்.

மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்த பழைய வண்டி அது. சுற்றுப்பட்டு ஊர்களில் பிரசவம் என்று ஆள் வந்தால், மாட்டுவண்டியில் போய்ச் சேருவதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது என்று ரெபேக்காள் வாங்கினாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பீர் மைதீன். ஸ்டேஷன் பக்கம் தகரக் கொட்டகையில் மோட்டார் வேலை பார்க்கிறவர். கொழும்பில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். நாற்பது வயது இருக்கும்.

ஓட்டக் கற்றுக்கொண்டதோடு ரெபேக்காள் நிற்கவில்லை. பீர் மைதீன் வேலை செய்ய வந்தால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியின் முன்னால் போய் நின்றுவிடுவாள். இது எதற்கு, இது அடைத்தால் என்ன ஆகும், சத்தத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேள்விமேல் கேள்வி. கார்புரேட்டரை மூக்கு என்பாள். ரேடியேட்டர் ஒழுகினால் வயிற்றுப்போக்கு என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும் ஞானதுரைக்கு அது கேட்கும். பேனா நின்ற இடத்தில் சிவப்பு மை வட்டமாக ஊறும்.

அவள்மீது சந்தேகம் என்று சொல்ல முடியாது. சந்தேகமென்றால் ஒரு தடவை கேட்டுச் சண்டை போட்டு முடித்துவிடலாம். அவனோடு பேசும்போது அவள் அரிசி தீரப்போகிறது என்பாள், ஊரிலிருந்து கடுதாசி வந்திருக்கிறது என்பாள், குடையை எடுத்துக்கொண்டு போங்கள் என்பாள். கண்ணை விரித்து, அப்புறம் என்ன ஆகும் என்று அவனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு மனிதரிடம் அதைத் தாராளமாகக் கேட்கிறாள். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

1937-ஆம் வருஷம், ஆனி மாதம். சாரல் பிடித்து, குற்றாலத்துக்குச் சீசன் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. காரின் மேனிபோல்டு விரிசல் விட்டுவிட்டது. காற்றும் பெட்ரோலும் கலந்து எஞ்சினுக்குள் போகிற வார்ப்பிரும்புக் குழாய் அது. விரிசல் வழியாகக் காற்றை இழுத்து வண்டி இரைப்புக்காரன் மாதிரி இளைத்தது. பீர் மைதீன் மதுரைக்கு எழுதிப்போட்டு, வேறொரு வண்டியில் கழற்றிய மேனிபோல்டு ஒன்றை ரயில் பார்சலில் வரவழைத்தார். செவ்வாய்க்கிழமை பழையதைக் கழற்றினார். புதியதன் விளிம்பு கனமாக இருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க, எஞ்சினில் முளைகள் மாதிரி திருகியிருந்த ஆறு ஸ்டட்டுகளும் நீளம் போதவில்லை. ஆறையும் எடுத்துவிட்டு நீளமானவற்றைப் போட வேண்டும். நாலு வந்துவிட்டன. பின்பக்கத்தில் இரண்டு அசையவில்லை.

"பத்து வருசத் துரு, டாக்டரம்மா. இரும்போட இரும்பா ஒட்டிப் போச்சு" என்றார் பீர் மைதீன். "இப்பப் பலத்தைக் காட்டுனா முறிஞ்சிரும். மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போடுவோம். வெள்ளிக்கெழம சாயந்தரம் சூடு காட்டி, மெழுகு வச்சு எடுத்திருவேன்."

"கட்டியைப் பழுக்க விடுத மாரி."

"அதேதான். பழுக்காம கத்தி வைக்கக் கூடாதுல்லா?"

ரெபேக்காள் சிரித்தாள். அன்றைக்கு ஞானதுரைக்கு உள்ளே இருப்புக்கொள்ளவில்லை. வெளியே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "ஸ்டட்டைச் சூடு பண்ணக் கூடாது. சுத்தியிருக்கிற இரும்பைத்தான் சூடு பண்ணணும். அது விரிஞ்சு பிடி தளரும்."

"சார்வாள் சொல்லுதது சரிதான்" என்றார் பீர் மைதீன் மரியாதையாக. "அப்படித்தான் செய்யப்போறேன்."

"அவருக்கு அது தெரியாமலா இருக்கும்?" என்றாள் ரெபேக்காள். சொல்லிவிட்டு எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மனதில் ஒன்றுமில்லை. ஞானதுரைக்குக் காது மடல் சுட்டது.

அந்த மூன்று நாளும் காலையும் மாலையும் அவளே போய் அந்த இரண்டு ஸ்டட்டுகளுக்கும் மண்ணெண்ணெய் விட்டுத் துணி சுற்றிவிட்டு வந்தாள். சொட்டுச் சொட்டாக விடுவதற்கு அவனுடைய மேஜையிலிருந்த, பேனாவுக்கு மை விடும் இங்க் பில்லரை எடுத்துக்கொண்டு போனாள். அவனைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பேனாவைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஞானதுரை வீடு திரும்பியபோது ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அருவிக்குப் போன சீசன்காரர் ஒருவரின் கார் குற்றாலத்தில் நின்றுவிட்டதாம். பீர் மைதீன் அங்கே இருக்கிறாராம். நாளைக் காலை ஆறு மணிக்கு வந்து, எட்டுக்குள் முடித்துக் கொடுத்துவிடுவாராம். ரெபேக்காள் ஆஸ்பத்திரியிலிருந்து வர ஆறு மணி ஆகும்.

கார் ஓலைப்பந்தலுக்குள் நின்றது. அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மூன்று நாள் ஊறியாகிவிட்டது, இனி என்ன? அவள் வரும்போது இரண்டு ஸ்டட்டையும் ஒரு தட்டில் வைத்து நீட்டினால் எப்படியிருக்கும் என்று நினைத்தான். நீங்களா எடுத்தீர்கள், எப்படி எடுத்தீர்கள் என்று கேட்பாள். அவன் சொல்வான்.

ஸ்டட்டில் இரண்டு நட்டுகளை ஏற்றி ஒன்றோடு ஒன்று இறுக்கிப் பூட்டி, உள்நட்டில் ஸ்பானர் போட்டு மைதீன் திருப்புவதைப் பார்த்திருந்தான். அப்படியே செய்தான். ஐந்தாவது ஸ்டட் இரண்டு தடவை முரண்டு பண்ணிவிட்டுக் கிரீச்சென்று இடம் கொடுத்தது. அவன் கையில் அது திரும்பித் திரும்பி வெளியே வந்தபோது, இவ்வளவுதானா மைதீன், உங்கள் வித்தை என்று வாய்விட்டே சொன்னான்.

ஆறாவது அசையவில்லை. சூடு காட்ட அவனிடம் ஊதுவிளக்கு இல்லை. கிணற்றடியில் கிடந்த குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து ஸ்பானர் காம்பில் செருகி, நீளமாக்கி, இரண்டு கையாலும் இழுத்தான். மெல்லத் திரும்பியது. இரும்பு இளகின மாதிரி, கருப்பட்டிப் பாகு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. வருகிறது என்றுதான் நினைத்தான். டக்கென்ற சத்தம். குழாய் கையை விட்டுப் போய் மட்கார்டில் மோதியது. ஸ்டட் எஞ்சினின் முகத்துக்குக் கீழே முறிந்து, பாதி உள்ளேயே தங்கிவிட்டது.

பிறகு செய்ததுதான் அவன் வாழ்நாளெல்லாம் நினைத்து வெட்கப்பட்டது. ஐந்தாவது ஸ்டட்டைக் கையாலேயே திரும்ப உள்ளே திருகினான். முறிந்த துண்டைக் கிரீஸ் வைத்து அதன் இடத்தில் ஒட்டினான். இரண்டையும் பழைய துணியால் முன்போலச் சுற்றினான். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, நோட்டுப் புத்தகங்களின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

ரெபேக்காள் வந்ததும் இங்க் பில்லரை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள்.

"நான் விட்டுட்டேன்" என்றான் ஞானதுரை, தலை நிமிராமல்.

"நீங்களா? மண்ணெண்ணெயா?"

"ம்."

அவள் வாசற்படியில் நின்று அவனைப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிருந்தது. "இந்த வண்டி உங்களுக்குப் பிடிக்காதுன்னுல்லா நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள். அன்றைக்கு அவளே அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். ஒரு வருஷமாக அவன் ஏங்கிய முகம் அது. பாதிச் சோற்றிலேயே எழுந்து கையைக் கழுவிவிட்டான்.

காலையில் ஆறு மணிக்குப் பீர் மைதீன் வந்தார். ரெபேக்காள் காப்பியோடு பக்கத்தில் நின்றாள். ஞானதுரை ஜன்னலோரம் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். துணியைப் பிரித்ததும் ஆறாவது ஸ்டட் அவர் விரலோடு வந்துவிட்டது. அவர் அதைத் திருப்பி முறிந்த முகத்தைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"என்ன மைதீன்?"

"முறிஞ்சிட்டும்மா. இரும்புக்கு வயசாயிட்டு" என்றார் அவர். "தொளை போட்டுத்தான் எடுக்கணும். எட்டு மணிக்கு ஆவாது. ரெண்டு ஆயிரும்."

சவரக்கத்தி ஞானதுரையின் தாடையைக் கீறிவிட்டது. மாட்டிக்கொண்டிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. இந்த மனிதர் தன்னை மறைத்துக் காப்பாற்றுகிறார். அதற்கும் இவருக்குத்தான் பெருந்தன்மை இருக்கிறது.

பத்து மணிக்குக் கீழப்பாவூரிலிருந்து ஒருவன் சைக்கிளில் வந்து விழுந்தான். பெயர் இசக்கியப்பன். சாரலிலும் வேர்வையிலும் நனைந்திருந்தான்.

"டாக்டரம்மா, எம் பொண்டாட்டி ஆவுடைத்தாய்க்கு நேத்தைக்கே வலி கண்டுட்டு. இன்னைக்கு விடிஞ்ச பெறவு பிள்ளைக்கு ஒத்தக் கை மட்டும் வெளிய வந்து நிக்கி. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. உங்ககிட்டக் காரு இருக்குன்னு சொன்னாவ..."

அவன் பந்தலுக்குள் பார்த்தான். பானட்டு திறந்து, பாதி எஞ்சின் தரையில் கிடந்தது.

காலை ரயில் போய்விட்டிருந்தது. பஸ் பன்னிரண்டுக்குத்தான். கீழப்பாவூர் எட்டு மைல். பீர் மைதீன் ஓடிப்போய் ஒரு குதிரைவண்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரெபேக்காள் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தாள். "வண்டி முடிஞ்சதும் எடுத்துக்கிட்டு வாங்க, மைதீன். அவளை இங்க கொண்டுவர வேண்டியிருக்கும்" என்றாள். குதிரை ஈரச் சாலையில் கிளம்பியது. இசக்கியப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு பக்கத்திலேயே போனான்.

பந்தலில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். எஞ்சினின் பின்பக்கம் இருட்டாக இருந்ததால் ஞானதுரை டார்ச் லைட்டைப் பிடித்தான். இடைஞ்சலான பாகங்களையெல்லாம் அதற்குள் கழற்றி முடித்திருந்த பீர் மைதீன் முறிந்த ஸ்டட்டின் நடுவில் ஒரு புள்ளி குத்தி, கை டிரில்லை வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். நடு பிசகினால் எஞ்சினுக்குள் ஸ்டட்டைப் பிடிக்கிற திருகுப் புரிகளே போய்விடும். இரும்புத்தூள் சுருள் சுருளாக வந்தது.

"மைதீன்" என்றான் ஞானதுரை. "முறிச்சது நான்தான்."

டிரில் நிற்கவில்லை. "தெரியும். குழாய்த் துண்டு அந்தா கெடக்கு. புதுசா முறிஞ்ச இரும்பை எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் அவகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"ஒரு மனுசனை அவன் பொண்டாட்டி முன்னால வச்சு எப்படிச் சொல்லுதது? அப்போ சொல்லாம விட்டது சரின்னு பட்டுது. அந்தக் கீழப்பாவூர்க்காரன் மொகத்தப் பாத்தபெறவு சரின்னு படல." அவர் நிறுத்தித் தூளை ஊதினார். "ஏன் சார்வாள் இதுல கைய வச்சிய? நான் அவ்வளவு தூரம் சொல்லியிருந்தேனே."

"உங்ககிட்ட அவ பேசுத மாரி எங்கிட்டப் பேசுதது இல்ல" என்றான் ஞானதுரை. "சிரிக்கதும் இல்ல."

பீர் மைதீன் முதல் தடவையாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

"இதுக்கா?" என்றார். மறுபடியும், "இதுக்கா சார்வாள்?" என்றார். "போன வருசம் எம் பொண்டாட்டி ஹைருன் பீவிக்குப் பிள்ள மாறிக் கெடந்துது. இதே வண்டி அர மணி நேரத்துல எங்க வாசல்ல வந்து நின்னுது. எம் மவ இன்னைக்குத் தவழுதா. இந்த வண்டி ஒரு நாளும் நிக்கக் கூடாதுன்னு நான் வேற வேலையப் போட்டுட்டு ஓடியாரேன். நீங்க நாங்க சிரிக்கதை எண்ணிக்கிட்டு இருந்தியளாக்கும்."

பீர் மைதீன் அதற்குப் பிறகு "லைட்டு" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். துளைக்குள் நாலு பட்டையாக அராவிய எஃகு ஆப்பை அடித்து இறக்கினார். ஊதுவிளக்கால் சுற்றியிருந்த இரும்பைச் சூடாக்கினார். ஓரத்தில் மெழுகைத் தொட்டதும் அது உருகி இடுக்கில் இறங்கியது. ஆப்பில் ஸ்பானர் போட்டுக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் பின்னால் விட்டு, மறுபடி கொஞ்சம் திருப்பி, அந்த அரை அங்குலத் துண்டை வெளியே கொண்டுவந்தபோது மணி ஒன்று. புது ஸ்டட்டுகள் போட்டு, மேனிபோல்டை மாட்டி, ஹாண்டிலைச் சுற்றினார்கள். எஞ்சின் இரைப்பில்லாமல் ஓடியது. இரண்டு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் போய் இறங்கியபோது கீழப்பாவூரில் அந்த வீட்டு வாசலில் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரெபேக்காள் முழங்கைவரை ரத்தத்தோடு வெளியே வந்தாள்.

"பிள்ளை இல்ல" என்றாள். "நான் வந்து குழல் வச்சுக் கேட்டப்போ துடிப்பு இருந்துச்சு. மெதுவா இருந்துச்சு. குழந்தையைத் திருப்பி எடுக்கதுக்குள்ள நின்னுட்டு. தாய்க்கு ரத்தம் நிக்க மாட்டேங்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

ஆவுடைத்தாயைப் பாயோடு தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். ரெபேக்காள் கீழே மண்டியிட்டு அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். பீர் மைதீன் பள்ளம் மேடு பார்த்து ஓட்டினார். முன்சீட்டில் இருந்த ஞானதுரை திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. எட்டு மைலைக் கார் இருபத்தைந்து நிமிஷத்தில் கடந்தது. காலையில் குதிரைவண்டி இதே சாலையில் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. கணக்கு வாத்தியார் தேவையில்லை அதற்கு.

ஆவுடைத்தாய் பிழைத்தாள்.

மறுநாள் கோயிலிலிருந்து வந்ததும் ஞானதுரை ரெபேக்காளை உட்காரச் சொல்லி, வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து ஒன்று விடாமல் சொன்னான். கிரீஸ் வைத்து ஒட்டியதையும் சொன்னான். மண்ணெண்ணெய் விட்டேன் என்று பொய் சொன்னதையும் சொன்னான்.

"எதுக்காக?" என்றாள் கடைசியில்.

"பொறாமை."

"மைதீன் மேலயா?"

"அவர் மேலயும். உன் மேலயும்தான். அந்தக் கார் மேலகூட."

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "ஆம்பளப் பிள்ள" என்றாள். "நல்ல கனம்."

"இசக்கியப்பன்கிட்டப் போய்ச் சொல்லிடுதேன். கால்ல விழுந்து..."

"சொல்லக் கூடாது." அவள் குரல் உயர்ந்தது. "அவன் பொண்டாட்டி கட்டில்ல கெடக்கா. பிள்ளையப் பொதச்சிட்டு வந்து நிக்கான். உங்க மனசு லேசாகணும்னு அவன் தலையில இதையும் ஏத்தப் போறீங்களா? உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஆவுடைத்தாய் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரெபேக்காள் தினமும் ஞானதுரையையே அவளுக்குக் கஞ்சி கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் வாசலில் இசக்கியப்பன் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான். "காரை அனுப்பி எம் பொண்டாட்டிய மீட்டுக் குடுத்திய சார்வாள்" என்பான். ஞானதுரை தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு வேகமாகத் திரும்பிவிடுவான்.

பீர் மைதீன் முன்போல வந்துபோனார். வண்டியைப் பற்றி ரெபேக்காளிடம் பேசினார். ஞானதுரையிடம் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ரெபேக்காளும் நெடுநாள் அப்படித்தான் இருந்தாள். ஐப்பசி வாக்கில்தான் அவள் பழையபடி பானட்டின் முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அதைக் கேட்டதும் அவனுக்கு அதே இடத்தில் வலித்தது. இத்தனைக்குப் பிறகும் வலிக்கிறதே என்று அவனுக்கே பயமாக இருந்தது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அது அடங்குகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகும் பல தடவை அப்படி உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டு வருஷம் கழித்து ஆவுடைத்தாய் மறுபடியும் உண்டானாள். இந்தத் தடவை ரெபேக்காள் அவளை இருபது நாள் முன்னதாகவே வரவழைத்து ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டாள். பெண் குழந்தை. தலை திரும்பிச் சுகமாகப் பிறந்தது. இசக்கியப்பன் ஒரு பொட்டலம் கற்கண்டை வாங்கிக்கொண்டு ஓடிவந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஞானதுரையின் கையில்தான் முதலில் வைத்தான்.

"நீங்க எடுத்துக்கிடுங்க சார்வாள்."

ஞானதுரை கையை மூடவும் இல்லை, வாயில் போடவும் இல்லை. இசக்கியப்பன் குழந்தையைப் பார்க்க உள்ளே ஓடிவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த ரெபேக்காள் அவனைப் பார்த்தாள். அவன் உள்ளங்கையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"தின்னுங்க" என்றாள். "வேர்த்த கையில கரைஞ்சு போகுது பாருங்க."